பட்டாம்பி நெல்லும் பன்னாட்டு நிதியும்

பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழையின் தென்கரையை ஒட்டி அமைந்த வயல்சூழ் ஊர் ஆனைக்கரை. இடுக்கி மாவட்டத்தின் மலைப்பகுதியில், வண்டன்மேட்டை அடுத்து அணக்கரை என்றோர் ஊர் உள்ளது. ஆங்கில எழுத்தில் இரண்டின் பெயரும் ஒன்றுபோலவே எழுதப்படும். முன்னது நெல்லை நம்பி வாழ்ந்த ஊர். பின்னது ஏலக்காயை நம்பி வாழும் ஊர். உலக நாடுகள் ஒன்றுகூடி வேளாண் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதால் உழவருக்குக் கிடைப்பது என்ன என்னும் வினாவுக்கு, இவ்விரு ஊர்களும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

நாட்டு நெல்லின் பயணம்

ஆனைக்கரை அமைந்துள்ள வட்டத்தின் தலைநகரம் பட்டாம்பி. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1927ஆம் ஆண்டு, அங்கு நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றது. சுற்றுவட்டார உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்டுவந்த நெல் இரகங்களைத் திரட்டி, அவற்றுள் சிறந்தவற்றைப் பிரித்தெடுத்து, அந்நிலையத்தார் எண்ணிட்டு வெளியிட்டனர். எரவபாண்டி என்னும் நாட்டு நெல் பி.டி.பி. 18 ஆயிற்று, தெக்கன் பி.டி.பி. 21 ஆயிற்று, அரிக்கிராய் பி.டி.பி. 33 ஆயிற்று.

இவை பெருவிளைச்சல் தரும் இரகங்கள் அல்ல. ஆயினும் இவற்றின் உண்மையான மதிப்பு பின்னரே வெளிப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை இரகத்தை வெளியிட்டது. விளைச்சல் பெருகியது; உடன் பூச்சிகளும் பெருகின. 1973-74ஆம் ஆண்டுகளில் குட்டநாட்டு வயல்களைப் புகையான் தாக்கியது. மலையாளத்தில் 'முஞ்ஞ' எனப்படும் இச்சிறு பூச்சி, தூரின் அடியில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து, புகைபிடித்தாற்போல் காயும். அதே காலத்தில் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இதே பூச்சியால் பெரும் இழப்பைக் கண்டன.

புகையானையும் ஆனைக்கொம்பன் ஈயையும் எதிர்த்து நிற்கும் பயிர் எங்கே உள்ளது என ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது, பட்டாம்பி நெல் கைகொடுத்தது. கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம், பி.டி.பி. 18, பி.டி.பி. 21 ஆகியவற்றை ஐ.ஆர். 8 உடன் கலந்து சி.ஆர். 94-13 என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. அது லாஸ் பானோஸ் சென்று, 1976இல் வெளியான ஐ.ஆர். 36 இரகத்தின் பெற்றோருள் ஒன்றாயிற்று. ஆறு நாடுகளைச் சேர்ந்த 13 நெல் வகைகளின் குருதி அதில் கலந்துள்ளது. உத்தரப் பிரதேசத்தின் காட்டு நெல் ஒன்றும் அவற்றுள் அடங்கும். 1980களில் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி ஹெக்டேர் பரப்பில் ஐ.ஆர். 36 பயிரிடப்பட்டது.

பொதுக் கருவூலம்

இப்பணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை ஃபோர்டு அறக்கட்டளையும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் பிலிப்பைன்ஸ் அரசுடன் இணைந்து தொடங்கின. 1971இல் உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் ஆதரவில், பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சிக்கான ஆலோசனைக் குழு அமைந்தது. பல நாடுகள் தரும் தொகையை ஒருங்கே திரட்டி ஆராய்ச்சி மையங்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. நம் நாடு அதனால் பயன்பெற்றதோடு, அதற்கு நிதியும் வழங்கிவருகின்றது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் 1972 முதல் இயங்கும் புன்செய்ப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இக்குழுவைச் சேர்ந்ததே.

இத்தகைய கூட்டுறவு தமிழகத்துக்குப் புதிதன்று. 1950களில் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில், ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலக்கும் திட்டம் கட்டாக்கை மையமாகக் கொண்டு நடைபெற்றது. அதன் பயனாகத் தஞ்சைத் தரணிக்குக் கிடைத்ததே, 1965இல் ஆடுதுறையிலிருந்து வெளியான ஏ.டி.டி. 27.

பிற நாட்டு வயலுக்காக ஒரு நாடு ஏன் செலவிட வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். புகையான் காற்றோடு பறந்து வியட்நாமிலிருந்து சீனத்தையும் ஜப்பானையும் அடைகின்றது. எல்லைச் சாவடி அதற்கு இல்லை. மேலும், ஒருமுறை கிடைத்த எதிர்ப்புத்திறன் என்றும் நிலைப்பதில்லை. 1973இல் வெளியான ஐ.ஆர். 26 இரகத்தைச் சில ஆண்டுகளிலேயே புகையான் வென்றுவிட்டது. அதன் இடத்தை நிரப்பவே ஐ.ஆர். 36 வந்தது. எனவே ஆராய்ச்சிக்கான நிதி, ஒருமுறை கட்டி முடிக்கும் தவணையன்று. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய காப்பீட்டுத் தொகையைப் போன்றது.

உயிரித் தொழில்நுட்பத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. நெல்லின் மரபணுத் தொகுப்பை வாசிக்கும் பணியை ஜப்பானின் தலைமையில் பல நாடுகள் நிறமி வாரியாகப் பங்கிட்டுக்கொண்டன. 11ஆம் நிறமியின் ஒரு பகுதி இந்திய ஆய்வாளர்களின் பங்காக அமைந்தது. 2005இல் வெளியான முடிவு எந்நாட்டவரும் தடையின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக உள்ளது. பட்டாம்பி நெல்லின் எதிர்ப்புத்திறன் எந்த மரபணுவில் உறைகின்றது எனத் தேடுவோருக்கு இன்று அதுவே வழிகாட்டி.

மலையில் இல்லாத வாய்ப்பு

இனி அணக்கரைக்கு வருவோம். ஏலக்காயின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. பாம்பாடும்பாறையில் 1956 முதலும், மைலாடும்பாறையில் 1978 முதலும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்கள் இயங்கிவருகின்றன. ஆனால் நெல்லுக்கு லாஸ் பானோஸ் இருப்பதுபோல் ஏலக்காய்க்கு ஒரு பன்னாட்டு மையம் இல்லை. விதை வளத்தைப் பகிர்ந்துகொள்வதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பொதுப் பட்டியலில் நெல் உண்டு, ஏலக்காய் இல்லை. பசியைத் தணிக்கும் பயிர்களுக்கே உலகின் நிதி முதலிடம் தந்தது. அதில் நியாயமும் உண்டு. எனினும் ஏலக்காய் விற்றே அரிசி வாங்கும் மலைவாழ் குடும்பங்களின் பசி எக்கணக்கில் சேரும்?

ஏலக்காய் ஏற்றுமதியில் இன்று முன்னிற்கும் நாடு, கடல்கடந்த குவாத்தமாலா. சந்தையில் அந்நாட்டு உழவர் நம் உழவருக்குப் போட்டியாளர். ஆனால் காயைச் சொறிபிடிக்கச் செய்யும் இலைப்பேன் இருவருக்கும் பொதுப்பகை. நெல்லில் பல நாடுகள் கைகோத்ததுபோல், ஏலக்காய் விளைவிக்கும் நாடுகளும் ஆராய்ச்சிச் செலவைப் பகிர்ந்துகொள்ள இயலும். தர நிர்ணயத்தில் அதற்கொரு தொடக்கம் ஏற்பட்டுள்ளது. நறுமணப் பொருள்களுக்கான பன்னாட்டுத் தரக்குழுவை நம் நாடே ஏற்று நடத்துகின்றது. அதன் முதற்கூட்டம் 2014இல் கொச்சியில் கூடியது.

நாம் செய்யக்கூடியது

எரவபாண்டியையும் தெக்கனையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த உழவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உலக வயல்களுக்கு அவர்கள் தந்த முதலுக்கு அவர்களுக்கு வட்டி கிடைக்கவும் இல்லை. இனி அந்நிலை தொடர வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தாம் காத்துவந்த இரகத்தை உழவர் தம் பெயரில் பதிவு செய்ய இடமளிக்கின்றது. அவ்விரகத்தைப் பயன்படுத்தி வணிக இரகம் உருவாக்குவோரிடமிருந்து பயனில் பங்கு கோரவும் அச்சட்டத்தில் வழியுண்டு. நெல்லாயினும் ஏலக்காயாயினும், தம் நிலத்தில் தனிச்சிறப்புடைய நாட்டு இரகத்தைப் பேணிவரும் வாடிக்கையாளர்கள், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பதிவுக்கான வழிமுறைகளை அறிந்துகொள்ளலாம். நிலப்பட்டாவையும் வைப்புச் சான்றிதழையும் பத்திரப்படுத்தும் குடும்பங்கள், குதிரில் உள்ள விதையையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் நன்று.