'குரூப்ல போட்டேனே, பாக்கலையா?' - ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு செட்டிநாட்டு கிட்டங்கி சொல்லும் பாடம்

"பில் போடும்போது இந்த எரர் வந்தா என்ன பண்ணணும்?"

"போன மாசமே குரூப்ல போட்டேனே... மேல தேடிப் பாருங்க!"

மேலே தேடினால் குட்மார்னிங், பிறந்தநாள் கேக், நாலு பி.டி.எஃப். பதில் மட்டும் சிக்காது. கடைசியில் விவரம் தெரிந்த ஒரே சீனியருக்கு போன் போகும். அவர் லீவில் இருந்தால்? வேலையை விட்டே போய்விட்டால்?

இந்தச் சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்னாடியே கையாண்டவங்க, நம்ம சிவகங்கைச் சீமைக்காரங்க.

ஒரே கூடம், பல பெட்டிகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூருக்குக் கொடுக்கல் வாங்கல் செய்யப் போன நகரத்தார், 'கிட்டங்கி' எனும் நீளமான கூடத்தில் தொழில் நடத்தினார்கள். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஆளுக்குக் கொஞ்சம் தரை, ஒரு பெட்டி, கணக்கு எழுதச் சின்ன மேசை. அவ்வளவுதான் ஆபீஸ்!

புதுசாக வரும் சிறுவன் 'பெட்டியடிப் பையன்'. எடுபிடி வேலைதான். ஆனால், மேலாள் யாருக்குக் கடன் கொடுக்கிறார், யாரைத் திருப்பி அனுப்புகிறார் என்று பக்கத்திலிருந்தே பார்ப்பான். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள் என உயர்வான்.

மேலாளுக்கு வழக்கமாக மூன்று வருடத் தவணை. முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பணும். 'ஐந்தொகை' எனும் கணக்குச் சுருக்கம் ஊரில் இருக்கும் முதலாளிக்கும் போகும். ஆள் மாறினாலும் விவரம் தங்கிவிடும்.

ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம்தோறும் கூடி, தங்களுக்குள் வாங்கும் கடனுக்கான 'நடப்பு வட்டி'யைப் பேசி முடிவு செய்தார்கள். இத்தனைக்கும் அவங்க தொழில் போட்டியாளர்கள்!

எந்த விஷயத்துக்கு எந்த ஆப்?

அங்கே வேலை கண்ணெதிரே நடந்தது, எழுத்தில் இருந்தது, கூடிப் பேச இடமும் இருந்தது. இன்னிக்கு இந்த மூணும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறதுதான் சிக்கல்.

அவசரத் தகவலுக்கு வாட்ஸ்அப் போதும். தொடர்ந்து பேச வேண்டியதற்கு ஸ்லாக், டீம்ஸ் மாதிரி தலைப்புவாரியாகப் பிரிக்கும் ஆப் நல்லது. ஒரு கேள்விக்கான பதில்கள் அதன் கீழேயே சேரும்.

நிரந்தரமாகத் தேவைப்படுவதற்கு 'விக்கி'. வார்ட் கன்னிங்ஹாம் 1995-ல் வெளியிட்ட யோசனை இது. ஹவாய் மொழியில் விக்கி என்றால் 'சீக்கிரம்'. யார் வேண்டுமானாலும் எழுதலாம், தப்பிருந்தால் திருத்தலாம். சின்ன கடைக்கு, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் டாக் போதும்.

எழுத்தில் அடங்காத வேலையும் உண்டு. ஆத்தங்குடி டைல்ஸுக்குக் கண்ணாடிமேல் அச்சு வைத்து, கலர் ஊற்றும்போது கை எவ்வளவு சாய வேண்டும் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. ஒரு நிமிட வீடியோ காட்டிவிடும். கை பழக, அப்புறமும் பக்கத்தில் உட்காரணும்.

ஏன் யாரும் எழுத மாட்டேங்கிறாங்க?

"எல்லாத்தையும் சொல்லிட்டா நமக்கு என்ன மதிப்பு?" என்ற பயம். நியாயமான பயம்தான். எழுதியவர் பெயர் அந்தக் குறிப்பில் இருக்கணும், சம்பள உயர்வு பேசும்போது அதையும் கணக்கில் எடுக்கணும். இல்லைன்னா எந்த ஆப் வாங்கினாலும் காலியாத்தான் கிடக்கும்.

இன்னொரு சிம்பிள் விதி: சந்தேகம் கேட்டவர்தான் பதிலை எழுதி வைக்கணும். சீனியருக்கு நேரம் மிச்சம். புதுசா வந்தவருக்கு எங்கே புரியலைன்னு அவருக்குத்தானே தெரியும்! சீனியர் ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். வாடிக்கையாளரின் போன் நம்பர், வங்கி விவரம் மட்டும் அதில் வேண்டாம்.

கிட்டங்கிக்கு ஒரு குறையும் உண்டு. அந்த அறிவு ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. உங்க ஆபீஸ் குரூப்பில் கான்ட்ராக்ட் ஊழியர், டிரெய்னி எல்லாம் இருக்காங்களா? அதிகம் சந்தேகம் வருவது அவங்களுக்குத்தான்.

நாளைக்கு சீனியரிடம் ஒரு சந்தேகம் கேட்டால், அவர் சொல்வதை ஐந்து வரியில் எழுதி வையுங்க. அடுத்து வரும் பெட்டியடிப் பையனுக்கு உதவும்!