பிள்ளையுள்ள வீட்டில் பிள்ளை பிறந்த திருநாள்

ஒரு குழந்தை பிறந்ததையே காரணமாகக் கொண்டு ஊரெல்லாம் கொண்டாடும் பண்டிகைகள் நம் தேசத்தில் பிரதானமாக இரண்டு உண்டு. ஒன்று கோகுலாஷ்டமி, மற்றொன்று கிறிஸ்துமஸ். இரண்டு குழந்தைகளும் இரவு வேளையில், அதுவும் சௌகரியம் சிறிதுமற்ற இடங்களில், ஒன்று சிறையிலும் மற்றொன்று தொழுவத்திலுமாகப் பிறந்தன என்பது பக்தர்களின் நம்பிக்கை; அவ்விரு குழந்தைகளை முன்னிட்டுப் பெரியவர்கள் செய்துவைக்கும் பட்சணங்களோ, கடைவாய்ப் பல்லையே பதம் பார்க்கும் சீடையிலிருந்து ரம்மில் ஊறிய உலர்பழக் கேக் வரைக்கும், பிறந்த குழந்தையின் வாயருகே கொண்டுபோகவும் தகாதவை. குழந்தையின் பெயரால் நடக்கும் இந்த வைபவங்களை ஏற்படுத்தியவர்கள் குழந்தை வளர்த்து அறியாதவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம், சென்ற டிசம்பரில், கும்பளங்கியில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் எங்கள் எட்டு மாதப் பெண்குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கையில் எனக்கு உதித்தது.

கும்பளங்கி என்பது கொச்சி நகருக்குத் தெற்கே, காயல் சூழ்ந்து கிடக்கும் ஒரு தீவுக் கிராமம். பெரும்படப்புப் பாலத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால் கரையோரமெங்கும் சீனவலைகள் நிற்கும். 2003-இல் மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டம் இங்கே தொடங்கிற்று. 2019-இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்னும் மலையாளப் படம் இவ்வூரின் பெயரைத் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் மனப்பாடமாக்கிவிட்டது. லத்தீன் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் மிகுந்த ஊர். அவர்களுடைய கொச்சி மறைமாவட்டம் 1557-இல் ஏற்பட்டது. உப்புநீரைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லை அறுத்து முடித்த வயல்களில், நவம்பர் மத்தியிலிருந்து ஏப்ரல் மத்திவரை காயல் நீரைப் பாய்ச்சி இறால் வளர்ப்பார்கள். இரவில் மதகுவாயில் விளக்கேற்றி, நீர் வடியும்போது வலைகட்டிப் பிடிப்பார்கள். ஆகவே டிசம்பர் மாதத்தில் இவ்வூர் இரவுக்கு வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைக்கிறது, வாசல்தோறும் தொங்கும் காகித நட்சத்திரம் ஒன்று, மதகு விளக்கு மற்றொன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவற்றைக் காட்டினால் இரண்டு நிமிஷம் பார்க்கும். பிறகு நம் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும்.

நானோ பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை என்றால் அதிகாலை நான்கு மணிக்கே மணி அடித்துவிடும். பனியில் நடுங்கிக்கொண்டு, புதுச் சட்டையின் கஞ்சி கழுத்தை அறுக்க, பாதித் தூக்கத்தில் பாட்டுப் பாடிய பால்யம் எங்களுடையது. கொச்சியிலோ நள்ளிரவுத் திருப்பலி, இங்குள்ளோர் சொல்லும் ‘பாதிரா குர்பானை’. இரண்டில் எது சிறந்த சம்பிரதாயம் என்று எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமான நாள்முதல் இருந்துவந்த விவாதத்தைக் குழந்தை தீர்த்துவைத்தது. நள்ளிரவில் அது அயர்ந்து தூங்கும். அதிகாலை நான்கு மணிக்கு, தேவதூதர் வந்து எழுப்பியதுபோல் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தை சாஸ்திரப்படி திருநெல்வேலி முறையே உசிதமானது. நள்ளிரவுப் பூஜையை நேரம் மாற்றலாகாது என்பதும் இல்லை. வத்திக்கானில் 2009-ஆம் ஆண்டிலேயே போப்பாண்டவரின் நள்ளிரவுத் திருப்பலியை இரவு பத்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். வயது முதிர்ந்த போப்பாண்டவரின் உறக்கத்தை உத்தேசித்துச் செய்த அந்தச் சலுகையை, வயது முதிராதவர்களின் உறக்கத்தை உத்தேசித்து எந்தப் பங்கிலும் செய்ததாகக் கேள்வியில்லை.

பூஜைக்கு முன்பாக வீட்டில் எழும்புவது புல்கூடு. மூங்கில் சட்டமும் வைக்கோலும் கொண்டு தொழுவம் அமைத்து, நெல் தூவி முளைக்கவைத்த பசும்புல்லைச் சுற்றிலும் பரப்பி, அதற்குள் மரியாள், யோசேப்பு, மேய்ப்பர், ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள்; உண்ணியீசோ என்று இவர்கள் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் உருவத்தை மட்டும் நள்ளிரவுக்குமேல்தான் வைக்கோலில் கிடத்துவார்கள். இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் அசிசி நகர் பிரான்சிஸ் முனிவர். 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில், உயிருள்ள எருதையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, வைக்கோல் பரப்பிய தீவனத்தொட்டி முன்னே அவர் நடத்திய கிறிஸ்துமஸே எல்லாப் புல்கூடுகளுக்கும் ஆதி. நிஜ எருது வைத்தவர் புத்திசாலி. எருதின் காலை எந்தக் குழந்தையும் கடித்துத் தின்ன முடியாது. களிமண் ஆட்டின் கதி அப்படியன்று. கூடத்தின் மூலையில் என் மாமனாராகிய அப்பச்சன் இரண்டு நாள் உழைத்துக் கட்டிய தொழுவத்துக்குள் எங்கள் குழந்தை ஒரு முற்பகலில் பிரவேசித்தபோது, மேய்ப்பர் ஒருவர் தலைகுப்புற விழுந்தார், ஆட்டுக்குட்டி ஒன்று முன்னங்கால் இழந்தது, ஒட்டகம் வாய்க்குள் போகும் தறுவாயில் மீட்கப்பட்டது. உடனே பலகைவேலி ஒன்று கொண்டுவந்து கூட்டைச் சுற்றி அடைத்தோம்; வேலியைப் பிடித்து எழுந்து நிற்கும் வித்தையைக் குழந்தை அன்றைக்கென்று கற்றுக்கொண்டது. முடிவில் பெத்லகேம் முழுவதும் இரும்புப் பீரோவின் தலைக்குக் குடிபெயர்ந்தது. மின்விசிறியைச் சுழலவிட்டால் மேய்ப்பர்களின் வைக்கோல் கூரை பறக்கும். எனவே அந்த வாரம் முழுக்க வீட்டில் காற்றில்லை.

வேடிக்கையை நிறுத்திவிட்டு இங்கே ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டில், ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் தரையில் கிடக்கலாகாது. அது தொண்டையை அடைத்துவிடும். அலங்காரச் சாமான்களுள் மிகக் கொடியது, பாட்டுப் பாடும் நட்சத்திரங்களிலும் மினுக்கும் பொம்மைகளிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கப்பட்டால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் தட்டினாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். ‘உன்னதங்களிலே’ என்று பாட்டு எழும்பி, மணிகள் முழங்கி, வெளியே அமிட்டு வாணம் வெடித்த அதே கணத்தில் அது கண்விழித்தது. அழுமென்று அஞ்சி நான் வாசலை நோக்கி எழுந்திருக்க, அதுவோ தனக்காகத்தான் இத்தனை ஆரவாரமும் என்று தீர்மானித்ததுபோல் நாற்புறமும் பார்த்துச் சிரித்தது. பூஜை முடிந்து உண்ணியீசோவின் திருப்பாதத்தை முத்தமிட வரிசை நகர்ந்தது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தை மாதக் கணக்கில் வகுத்துவைத்தவர்கள் அல்லவா! தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கு, கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்கு, முத்தம் பதினோராம் மாதத்துக்கு என்பது அவர்கள் கணக்கு. இயேசுபிரானுக்கும் அப்படி ஒரு பிள்ளைத்தமிழை அருள் செல்லத்துரை நம் காலத்திலேயே பாடியிருக்கிறார். எட்டு மாதக் குழந்தையை முத்தமிடச் சொல்லிக் குனியவைத்தது இலக்கண விரோதம் என்பது, அது திருப்பாதத்தைக் கவ்விக் கடித்தபோது எனக்கு நினைவு வந்தது. கீழ்ப்பல் இரண்டு முளைத்திருந்த சமயம். பாதிரியார் கைத்துணியால் திருவுருவத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் அடுத்தவரிடம் நீட்டினார். இது அவருக்கு முதல் அனுபவமாகத் தோன்றவில்லை.

விருந்தைப் பற்றி விஸ்தரித்தால் வாசகர்கள் கோபிப்பார்கள். பாலப்பம், வாத்துக்கறி, காயல் கரிமீன், வினிகரும் பூண்டும் ஊறிய பன்றி விந்தாலு. கடைசிப் பண்டம் போர்த்துகீசியர் விட்டுச்சென்றது. அவர்களுடைய தளபதி கப்ரால் முதன்முதலாகக் கொச்சித் துறைக்கு வந்ததும் 1500 டிசம்பர் 24, வாஸ்கோ ட காமா இதே கொச்சியில் கண்மூடியதும் 1524 டிசம்பர் 24. கிறிஸ்துமஸ் விருந்தை வாஸ்கோ ட காமா ஒரே நாள் வித்தியாசத்தில் தவறவிட்டார். எங்கள் குழந்தைக்கோ எதிரிலே விரிந்திருந்தும் கிட்டவில்லை. அதன் இலையில் விழுந்தது உப்பும் சர்க்கரையும் சேராத ராகிக் குறுக்கு என்னும் கூழ்.

“ஒரு துளி தேனாவது நாக்கில் வையேன், மோனே, நல்ல நாளும் அதுவுமாக!” என்றார் என் மாமியாராகிய அம்மச்சி.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. தேனில் சில சமயம் குளோஸ்டிரிடியம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். பெரியவர்கள் குடலில் அவை வாலாட்டுவதில்லை, பச்சைக் குழந்தையின் குடலிலோ முளைத்துப் பெருகி, தசைகளைத் தளரச்செய்யும் விஷத்தை உண்டாக்கும். இதையெல்லாம் நான் விவரித்தேன். அம்மச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவளுக்கு நான் பிறந்த அன்றைக்கே பொன்னும் வயம்பும் தேனில் உரைத்துக் கொடுத்தேன், இவள் என்ன கெட்டுப்போய்விட்டாள்?” என்று தம் மகளைக் காட்டிக் கேட்டார். மனைவியும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறியும், இக்கேள்விக்கு மருமகன் சொல்லத்தக்க விடையை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தேன் மட்டும் கொடுக்கப்படவில்லை.

இத்தனை அமளிக்கு நடுவே, பீரோவின் மேலிருந்த யோசேப்பை நான் அடிக்கடி அண்ணாந்து பார்த்தேன். சுவிசேஷங்கள் நான்கிலும் இவர் வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. இவரைக் காவிய நாயகனாக்கி, வளன் என்று அழகாகப் பெயரும் சூட்டி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிப் பரிகாரம் தேட, இத்தாலியிலிருந்து வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியிருந்தது. மரியாள் முழந்தாளிட்டிருப்பாள், மேய்ப்பர் மண்டியிட்டிருப்பர், மாடு படுத்திருக்கும். யோசேப்பு மட்டும் பெரும்பாலான புல்கூடுகளில் கோலை ஊன்றி நின்றுகொண்டே இருப்பார். அந்த நின்ற திருக்கோலத்தின் தத்துவம், தகப்பனான பிறகு எனக்கு விளங்கிற்று: உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். வைத்தியர் என்று மரபு சொல்லும் லூக்கா, குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்திய செய்தியைக் குறிக்கத் தவறவில்லை. அன்றிரவே முன்பின் அறியாத மேய்ப்பர்கள் கூட்டமாகப் பார்க்க வந்ததையும் எழுதுகிறார். பிரசவித்த வீட்டுக்கு இரவில் கும்பலாக வருவதா என்று ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. கீழ்த்திசை ஞானிகள் வந்ததைச் சொல்லும் மத்தேயுவோ, அவர்கள் ஒரு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைக் கண்டதாக எழுதி, ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடியதாகவும் எழுதுவதால், அவர்கள் வந்தபோது குழந்தை தவழ்ந்தோ நடந்தோ கொண்டிருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. தவழும் குழந்தையின் எதிரே பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகிய மூன்றையும் திறந்து வைத்தார்களாம். மூன்றுமே வாயில் போட வாகானவை. அவற்றை எடுத்து உயரத்தில் வைத்தவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கரோல் கோஷ்டியைச் சொல்லாவிட்டால் கொச்சிக் கிறிஸ்துமஸ் பூர்த்தியாகாது. பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் தாளமேளத்தோடு வீடுவீடாக வரும் அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் கிறிஸ்துமஸ் பாப்பா: சிவப்பு அங்கி, தலையணை வயிறு, ரோஜா நிறக் கன்னமுள்ள பிளாஸ்டிக் முகமூடி. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டு மீராவில் ஆயராயிருந்த புனித நிக்கோலாஸ் காலப்போக்கில் அடைந்த ரூபாந்தரம் இது. பிறந்த புதிதில் ஒரு சாண் தூரத்துக்கு மேல் தெளிவாகப் பார்க்காத குழந்தை, ஏழெட்டு மாதத்தில் அந்நியரைக் கண்டு மிரளத் தொடங்கும். வேற்றுமுகம் தெரிந்துவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் ஒரு வயதைச் சுற்றி இந்த அச்சம் உச்சத்தை அடைந்து, பிறகு தானே தணியும். அசையாமல் சிரித்துக்கொண்டே நெருங்கிவந்த அந்தச் சிவப்பு முகத்தைக் கண்டு எங்கள் குழந்தை வீறிட்டது. உள்ளே இருந்தவர் பக்கத்துத் தெருப் பையன், தங்கமானவன். பதறிப்போய், தான் இன்னான் என்று காட்டுவதற்காக முகமூடியைக் கழற்றினான். முகமே கையோடு கழன்று வரக் கண்ட குழந்தையின் நிலையை வாசகர்களின் யூகத்துக்கே விடுகிறேன். அதன்பின் சிவப்பாக எதைக் கண்டாலும் உதடு பிதுங்கிற்று. அம்மச்சியின் புதுச் சேலை பீரோவுக்குள்ளே போயிற்று.

கிறிஸ்துமஸ் கழிந்தும் இவ்வூர்க்காரர்களின் உற்சாகம் ஓயவில்லை. 1980-களிலிருந்து ஃபோர்ட் கொச்சியில் ஆண்டுதோறும் நடக்கும் கார்னிவலின் சிகரமாக, டிசம்பர் 31 நள்ளிரவில், பாப்பாஞ்ஞி என்னும் பிரம்மாண்டமான கிழவன் பொம்மையைக் கொளுத்திப் பழைய ஆண்டை வழியனுப்புவார்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாமா என்று மைத்துனன் கேட்டான். நெரிசல், புகை, வெடிச்சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக மறுபடியும் நள்ளிரவு என்று நான் காரணங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மச்சி குறுக்கிட்டார்.

“கொண்டுபோய்க் காட்டு, மோனே. ஒரு தாடிக்கார அப்பாப்பனை எரிக்கிறார்கள் என்றால், இந்த ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்படப் போவது இவள்தான்.”