உடைந்த பொம்மைக்கு யார் பொறுப்பு?

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் பிள்ளைகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் பால்கோவா வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. பொம்மை வாங்காமல் பிள்ளைகள் திரும்ப விடுவதில்லை. திருவிழாக் கடைகளில் ஆனாலும் சரி, ராஜபாளையம் பஜாரில் ஆனாலும் சரி, ஐந்து வயசுப் பையன் விரல் நீட்டுவது பெரும்பாலும் லாரியாக ஓடி, மடக்கி விரித்தால் ரோபோவாக நிற்கும் அந்தப் பொம்மையைத்தான். மறுநாள் அதன் ஒரு கை கழன்று கிடக்கும். "வாங்கிக் கொடுத்த அன்னிக்கே ஒடச்சிட்டான்" என்று திட்டும் விழும், சில வீடுகளில் அடியும் விழும். பொம்மை குப்பைக்குப் போகும், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

முடியக் கூடாது. அந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை. நம் நாட்டின் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது.

இப்படிப்பட்ட பொம்மையில் மலிவு ரகம் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். லாரியின் முகப்பு ரோபோவின் மார்பாகிறது. பின்பக்கப் பெட்டி இரண்டாகப் பிளந்து கால்களாகிறது. கைகள் பக்கவாட்டிலிருந்து விரியும், தலை உள்ளேயிருந்து எழும்பும். சாதாரண லாரி பொம்மையில் அசைவது சக்கரம் மட்டும். இதில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு மூட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு அச்சு. அந்த அச்சும் பிளாஸ்டிக்தான். சாத்தூர்த் தீக்குச்சியின் கனம் இருந்தால் அதிகம். பிள்ளை கொடுக்கும் திருகல் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. முதலில் மூட்டுப் பக்கம் பிளாஸ்டிக் வெளுக்கும், பிறகு நெளியும், அடுத்த திருகலில் முறியும். கழன்று விழுவது ரோபோவின் முட்டி, சக்கரம், குட்டித் துப்பாக்கி, சில பொம்மைகளில் ஸ்பிரிங். எல்லாமே ஒரு குழந்தையின் வாய்க்குள் அடங்குகிற அளவு.

பிள்ளைகள் பொம்மையைக் கீழே போடுவார்கள், பிடுங்குவார்கள், முறுக்குவார்கள் என்பதை எதிர்பார்த்தே பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9873 எழுதப்பட்டிருக்கிறது. அதன் முதல் பாகப்படி, பொம்மையை ஏறக்குறைய 93 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே போட்டுப் பார்க்கிறார்கள். கை, கால், சக்கரத்தைக் கிட்டத்தட்ட ஏழு கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள். முறுக்கியும் அழுத்தியும் பார்க்கிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், கழன்று வரும் துண்டு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் பொம்மை தேறாது. ஒரு சின்னக் குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. மூத்த பிள்ளைகளுக்கான பொம்மையும் இந்த அடி உதையெல்லாம் பட்ட பிறகு கூர்முனை காட்டக் கூடாது. ஆக, ஒரே நாளில் கை முறிகிற ரோபோ இந்தச் சோதனைகளைக் கண்டிருக்குமா என்பதே சந்தேகம்.

உருமாறும் பொம்மைகள் ஜப்பானின் டக்காரா நிறுவனத்திடமிருந்து வந்தவை. 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் கொண்டுபோனது. லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் அந்த வரிசையின் நாயகன். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1970களின் இறுதியில், அமெரிக்காவில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை தொண்டைக்குள் போய் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அதன் பிறகு பாயும் துண்டுகள் விஷயத்தில் அங்குள்ள நிறுவனங்கள் மிகவும் கவனமாயின. சிறு துண்டுகளுக்கான அமெரிக்க விதி 1980இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பிள்ளையின் உயிரைக் கொடுத்து உலகம் கற்ற பாடம் இது. நம் திருவிழாக் கடைகளில் தொங்கும் நகல்களில் சிலவற்றின் தோளில் இன்றும் ஸ்பிரிங் வைத்த ஏவுகணை இருக்கிறது.

துண்டை விடவும் என்னை அதிகம் பயமுறுத்துவது பேட்டரி. கண் எரியும், சத்தம் போடும் ரோபோக்கள் பலவற்றில் இருப்பது நாணயம் போன்ற பட்டன் பேட்டரிதான். இதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், பேட்டரி கசியாமலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஈரச் சதையைத் தொட்டதும் மின்னோட்டம் பாயும். எதிர்மின்முனையில் கடுங்காரம் உண்டாகி, குழாயின் சுவரை அரித்துப் புண்ணாக்கும். மூன்று வோல்ட் லித்தியம் வகை இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான காயம் ஏற்படுத்தக்கூடும். எச்சில் வழியும், சாப்பாடு இறங்காது, இருமல் வரும். சில பிள்ளைகள் ஒன்றுமே ஆகாததுபோல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நம் வீடுகளில் "காசு முழுங்கியிருப்பான், பழம் குடு, வெளிய வந்துரும்" என்பார்கள். காசா பேட்டரியா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் பேட்டரியின் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும், காசில் தெரியாது.

அதனால், பொம்மையில் பேட்டரி காணோம், பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று தோன்றிய கணமே 108ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறு, பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு வயது கடந்த பிள்ளையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டிருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் தேடிப் பத்து நிமிடம் வீணாக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. எக்ஸ்ரே ராஜபாளையத்திலேயே எடுத்துவிடலாம். எண்டோஸ்கோப் வைத்துப் பேட்டரியை வெளியே எடுக்கும் வசதிக்கு மதுரை போகச் சொன்னால் அது சுமார் 85 கிலோமீட்டர் பயணம். இரண்டு மணி நேரக் கெடுவில் பெரும்பகுதி சாலையிலேயே கரைந்துவிடும். எனவே "முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லுங்க டாக்டர், போனதும் எடுக்கணும்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மூக்கிலோ காதிலோ பேட்டரியைத் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். ஆனால் அதற்குத் தேன் உதவாது, சொட்டு மருந்தும் விடக் கூடாது.

பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்தால் நெம்பினால் திறக்கிற மூடி என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி சட்டம். பொம்மைகள் (தரக்கட்டுப்பாடு) ஆணை 2020இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான எந்தப் பொம்மையும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் உரிமம் பெற்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தாலும் இதே விதி. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. பிளாஸ்டிக் ரோபோ அந்த விலக்கில் வராது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றோ, பேட்டரியில் இயங்குவது என்றால் ஐ.எஸ். 15644 என்றோ எண் இருக்கும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முத்திரையின் படம் மட்டும் இருந்து எண் இல்லையென்றால் அது வெறும் ஸ்டிக்கர். ஐரோப்பிய முத்திரையான சி.ஈ. என்ற எழுத்துகளுக்கு நம் சட்டத்தில் மதிப்பில்லை.

இந்த ஆணை வரக் காரணம் உண்டு. 2019இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி வட்டாரத்தில் வாங்கிச் சோதித்த 121 வகை பொம்மைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. ஆணை வந்த பிறகும் நிலைமை சீராகிவிடவில்லை. 2023 ஜனவரியில், ஒரே மாதத்தில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக பி.ஐ.எஸ். அறிவித்தது. அவை பிடிபட்டது பெருநகர வணிக வளாகங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள பெரிய கடைகளில். 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் தரச்சான்று இல்லாத 3,376 பொருட்கள் சிக்கின, அவற்றில் பொம்மைகளும் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் ஒழுங்காக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். "கம்பெனி பேரே இல்ல, யாரைப் போய்க் கேக்க?" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும்போது, தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை என்றால், அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றால், விற்றவரே பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கேரண்டி நான் தர்றேன்" என்று கடைக்காரர் தனியாக வாக்குக் கொடுத்து அது பொய்த்தாலும் அவர் மாட்டிக்கொள்வார். பெயரில்லாத பொம்மையை விற்பது அவருக்குப் பாதுகாப்பு அல்ல. முழுப் பொறுப்பையும் அவரே தலையில் ஏற்றிக்கொள்வதாகும்.

பில் தராமல் இருப்பதே இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகை குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்த பொம்மை என்றாலும் கவலையில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. பிள்ளை சார்பில் பெற்றோர் புகார் கொடுக்கலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று விற்றவர் வாதிடச் சட்டம் இடம் தருகிறது. மூன்று வயதுக்கு மேல் என்று அட்டையில் தெளிவாக அச்சிட்ட பொம்மையை ஒன்றரை வயதுத் தம்பியிடம் கொடுத்திருந்தால் வழக்கு பலவீனமாகும். அண்ணனின் ரோபோ தம்பியின் வாய்க்குப் போவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது என்பதால், அந்த வயது எண்ணை அறிவுத்திறன் அளவாக நினைக்க வேண்டாம். அது மூச்சுக்குழாய் பற்றிய எச்சரிக்கை. கீழே போட்டான், முறுக்கினான் என்பதெல்லாம் தவறான பயன்பாடு என்று யாராவது சொன்னால், தரநிலையே அதைச் செய்துபார்க்கச் சொல்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டிய அவசியமும் இல்லை. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது. விற்ற நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ருதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. பொம்மையைப் பரிசோதிக்க வேண்டும் என்றால் ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதனால் உடைந்ததைக் குப்பையில் போடாதீர்கள். முறிந்த துண்டு, அட்டைப்பெட்டி, பில் அல்லது ஜி.பே. பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆன்லைன் நிறுவனம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முத்திரையில்லாப் பொம்மை பற்றி பி.ஐ.எஸ். கேர் செயலியிலோ, மதுரையில் உள்ள பி.ஐ.எஸ். கிளை அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். அட்டையில் விலை, இறக்குமதியாளர் முகவரி, தயாரான நாடு இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, திருவிழாவில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் மட்டும் பாய்ந்தால் அது நியாயமாகாது. அவர் கையில் இருக்கும் சரக்கு மொத்தக் கடையிலிருந்து பில் இல்லாமல் மூட்டையாக வந்தது. மொத்தக் கடைக்கு வேறெங்கிருந்தோ வந்தது. சோதனை அங்கேதான் தொடங்க வேண்டும், அதுவும் ஆடி மாதத்துக்கு முன்பே. அந்த வியாபாரிக்கும் இதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. உரிம எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் உள்ள சரக்கை மட்டும் எடுத்து, மொத்தக் கடையின் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால், பிரச்சினை வரும்போது "செய்தவர் இவர், எனக்கு விற்றவர் இவர்" என்று காட்ட அவரிடம் ஒரு காகிதம் இருக்கும். கந்துவட்டிக்குப் பணம் எடுத்துச் சரக்குப் போடுகிறவருக்கு அந்தக் காகிதம் மிகவும் தேவை. அடுத்த தடவை சரக்கு எடுக்கப் போகும்போது பில் கேளுங்கள் அண்ணாச்சி.