கிட்னி பிரச்சினைக்குக் குடல் காரணமா? 'நல்ல பாக்டீரியா' மீதே விழும் சந்தேகம்

தொண்டை வலி, லேசான காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. பதறிப்போய் லேபுக்கு ஓடினால், சிறுநீரில் ரத்தமும் புரதமும் கசிவதாக ரிப்போர்ட் வருகிறது. இருபது, முப்பது வயதுக்காரர்களிடம் 'ஐஜிஏ நெஃப்ரோபதி' என்ற கிட்னி நோய் தலைகாட்டும் விதங்களில் இது ஒன்று. பலருக்கு இந்த எச்சரிக்கைகூட இருக்காது. வேலையில் சேரும்போது எடுக்கிற மெடிக்கல் செக்கப்பில்தான் விஷயம் வெளியே வரும்.

தொண்டைக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்பது பழைய கேள்வி. இப்போது ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, குடலில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐஜிஏ என்பது என்ன?

நம் உடல் தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் ஒரு வகை. மற்ற எல்லா வகைகளையும் கூட்டினாலும் இதன் உற்பத்திதான் அதிகம். குடல், மூச்சுப்பாதை மாதிரியான ஈரமான உட்பரப்புகளில் நின்று, உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து வைப்பது இதன் வேலை. குடல்தான் பாக்டீரியாக்களின் பெரிய குடியிருப்பு என்பதால், ஐஜிஏ-வில் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது.

1968-ல் பாரிஸைச் சேர்ந்த ழான் பெர்ஜேவும் நிகோல் இங்லேவும், இந்தக் காவலாளி கிட்னியின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து கிடப்பதை முதன்முதலில் விவரித்தார்கள். அதனாலேயே இதற்கு 'பெர்ஜே நோய்' என்றும் பெயர் உண்டு. கிட்னி வடிகட்டிகளில் அழற்சி உண்டாக்கும் நோய்களில், நேரடியாகக் கிட்னியிலேயே தொடங்குபவற்றை எடுத்துக்கொண்டால், உலக அளவில் இதுதான் அதிகம் காணப்படுவது.

ஐஜிஏ எப்படி அங்கே போய்ச் சிக்குகிறது? ஒவ்வொரு ஐஜிஏ மூலக்கூறிலும் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். இந்த நோயாளிகளின் ஐஜிஏ-வில் பலவற்றுக்கு, சங்கிலியின் ஒரு கண்ணியான காலக்டோஸ் இருக்காது. அந்தக் குறை கண்ணில் பட்டதும், உடல் தன் சொந்த ஐஜிஏ-வையே 'யாரோ வெளியாள்' என்று நினைத்து, அதற்கு எதிராக இன்னொரு ஆன்டிபாடியை அனுப்புகிறது. இரண்டும் ஒட்டி உருண்டையாகி, ரத்தத்தில் மிதந்து, கிட்னி வடிகட்டியில் சிக்கிக்கொள்கிறது. அங்கே அழற்சி, அப்புறம் தழும்பு. தன்னைத் தானே தாக்கும் நோய், அதாவது ஆட்டோஇம்யூன் என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் காலக்டோஸ் கண்ணி ஏன் காணாமல் போகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

சந்தேக வளையத்தில் ஒரு 'ஹீரோ'

அக்கர்மான்சியா மியூசினிஃபிலா. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஹெல்த் வீடியோக்கள் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். உடல் எடை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் நல்லது என்று கொண்டாடப்படும் குடல் பாக்டீரியா இது. வெளிநாடுகளில் கேப்சூலாகவே விற்கிறார்கள். குடலின் உள்சுவரை மூடியிருக்கும் சளிப்படலம்தான் இதன் சாப்பாடு. சளியில் இருக்கும் சர்க்கரைகளை வெட்டித் தின்னும் திறமை இதற்கு உண்டு.

அதே கத்தி ஐஜிஏ மீதும் பாய்ந்தால்? பாரிஸ் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சோதனைக்கூடத்தில் இந்த பாக்டீரியா ஐஜிஏ-வின் சர்க்கரைகளை வெட்டியது. வெட்டுப்பட்ட ஐஜிஏ, குடல் செல்களின் சுவரைத் தாண்டி ரத்தத்தின் பக்கம் திரும்பி வரக்கூடியது என்றும் தெரிந்தது. மனிதர்களின் ஐஜிஏ-வைச் சுரக்கும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளில், இந்த பாக்டீரியா கிட்னிப் படிவுகளுக்கு வழிவகுத்தது.

இதனால் அக்கர்மான்சியாவை வில்லன் என்று சொல்லிவிட முடியாது. ஏராளமான ஆரோக்கியமான மனிதர்களின் குடலில் அது சமத்தாகக் குடியிருக்கிறது. பரம்பரையாக வரும் மரபணுச் சாய்வு, வேறு தூண்டுதல்கள் எல்லாம் சேர்ந்தால்தான் நோய் வரும். ஆனால், 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்று இரண்டு கட்சியாகப் பிரிக்கும் விளம்பர மொழிக்கு இது சரியான அடி.

பச்சை சிவப்பான கதை

குடலிலிருந்து அழற்சி கிட்னிக்குப் போக இன்னொரு ரூட்டும் உண்டு. இந்த முறை பயணம் செய்வது ஆன்டிபாடி இல்லை, எதிர்ப்பு செல்களே நேரில் கிளம்புகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் 2016-ல் இதைக் காட்டிய விதம் ரசிக்கத்தக்கது. அவர்கள் பயன்படுத்திய சுண்டெலிகளின் செல்கள் சாதாரணமாகப் பச்சையாக ஒளிரும். ஊதா ஒளி பட்டால் சிவப்பாக மாறிவிடும். குடலில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினார்கள். பிறகு கிட்னியைப் பார்த்தால், அங்கே சிவப்பு செல்கள்! குடலில் வளர்ந்த டிஹெச்17 என்ற எதிர்ப்பு செல்கள், அழற்சி கண்ட கிட்னிக்கு இடம்பெயர்ந்திருந்தன. ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட எலிகளிலும், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலும் நோயின் வேகம் குறைவாக இருந்தது.

லூபஸ் நோயிலும் இதே வாடை அடிக்கிறது. பெண்களையே அதிகம் தாக்கும் இந்த நோயில், பலருக்குக் கிட்னியும் பாதிக்கப்படும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 61 லூபஸ் பெண்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டதில், ரூமினோகாக்கஸ் நேவஸ் என்ற இனம் ஆரோக்கியமானவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது. கிட்னி பாதிப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடிகளும் அதிகம். பாக்டீரியா பெருகியதால் நோய் முற்றியதா, நோயும் மருந்துகளும் சேர்ந்து குடலை மாற்றியதா? இந்த மாதிரி ஆய்வுகளால் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன லாபம்?

ஐஜிஏ நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படுவது ஸ்டீராய்டு. பலன் உண்டு, விலையும் உண்டு. இந்தியாவிலும் நடந்த 'டெஸ்டிங்' என்ற பன்னாட்டு ஆய்வில், அதிக டோஸ் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் வந்ததால் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்தவேண்டி வந்தது. பிறகு டோஸைக் குறைத்து, தொற்றுத் தடுப்பு மருந்தும் சேர்த்துத்தான் தொடர்ந்தார்கள்.

கோளாறு குடலில் என்றால், மருந்தை அங்கேயே இறக்கினால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் புதுவித புடசோனைடு கேப்சூல். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் அதே ஸ்டீராய்டு. வயிற்றில் கரையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த் திறக்கும். ஐஜிஏ உற்பத்திக்கு ஆணை பிறப்பிக்கும் 'பேயர் திட்டுகள்' அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. குடலைத் தாண்டிப் போகும் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும். அமெரிக்கா இதற்கு 2021 டிசம்பரில் நிபந்தனையோடும், 2023 டிசம்பரில் முழுமையாகவும் அனுமதி கொடுத்தது.

364 பேரிடம் நடந்த இறுதிக்கட்ட ஆய்வில், 9 மாதம் மருந்து, பிறகு 15 மாதம் கண்காணிப்பு. கிட்னியின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண், இரண்டு ஆண்டு சராசரியில் மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 2.5 புள்ளி குறைந்தது, எடுக்காதவர்களுக்கு 7.5 புள்ளி. முப்பது வயதில் நோய் வந்தவருக்கு, டயாலிசிஸைச் சில வருடங்கள் தள்ளிப்போடுவது என்றால் சும்மாவா? ஆனாலும் கால் வீக்கம், பிபி, முகப்பரு மாதிரி ஸ்டீராய்டின் வழக்கமான தொல்லைகள் இதிலும் சிலருக்கு வந்தன. அதனால், மருந்து குடலில் மட்டும்தான் வேலை செய்கிறதா என்று நிபுணர்களுக்குள் விவாதம் ஓடுகிறது.

அப்போ, தயிரும் ப்ரோபயாடிக்கும்?

தயிர், பழைய சோறு தாராளமாகச் சாப்பிடலாம், டாக்டர் உணவில் கட்டுப்பாடு சொல்லாதவரை. ஆனால் அவை கிட்னி அழற்சிக்கு மருந்து இல்லை. புளிக்கவைத்த உணவு நல்லது என்று ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொண்டால், உப்புதான் பிபி-யை ஏற்றும். ப்ரோபயாடிக் மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, உயிருள்ள பாக்டீரியாவே அபூர்வமாகத் தொற்றாக மாறுவதுண்டு. ஆன்லைனில் வாங்கிய டப்பாவை அடுத்த செக்கப்புக்குக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றாலோ, நிறம் மாறினாலோ, சின்ன வயதிலேயே பிபி ஏறினாலோ, முதலில் தேவைப்படுவது குடல் பாக்டீரியா டெஸ்ட் கிட் இல்லை. தெருமுனை லேபிலேயே எடுக்கக்கூடிய சாதாரண யூரின் டெஸ்ட்டும், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும்தான்.