தோய்ந்த தயிரும் முளைத்த பயறும்

வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினரை முதல் மனக்குறை யாதென்று கேட்டால், பலர் தயிரைத்தான் கூறுவர். ஊரில் இரவு பிரைகுத்தினால் விடியலில் கட்டியாய்த் தோய்ந்திருக்கும் பால், டில்லியின் ஜனவரி மாதத்தில் பாலாகவே நிற்கும். விருந்தினர் பத்துப் பேர் வரும் நாளில் இவ்வாறு நேர்ந்தால் இல்லத்தரசியின் கலக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தயிரைத் தோய்ப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்ற, அப்புளிப்பால் பால் உறைகிறது. அவற்றுக்கு உகந்த சூடு 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். கொதிக்கும் பாலில் உறை இட்டால் அவை மடியும். குளிர்ந்த பாலில் இட்டால் உறங்கிக் கிடக்கும். டில்லிக் குளிர்கால இரவில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதால், பாலைக் காட்டிலும் பாத்திரத்தைக் காப்பதே முக்கியம்.

ஐந்து லிட்டர் பாலைத் தோய்ப்பவர் ஒன்றை நினைவிற் கொள்க. பெரிய பாத்திரத்தில் மேற்பரப்பு ஆறியிருந்தாலும் நடுவில் கொதிப்பு அடங்கியிராது. எனவே நன்கு கலக்கிய பின்னரே விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் தாங்கும் சூடே பதம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைதயிர் கோடையில் போதும். குளிர்காலத்தில் இரண்டு மூன்றாகலாம். அதைச் சிறிது பாலில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடி, கம்பளியால் சுற்றி, அசையாமல் வைத்துவிடுக. கோதுமை மாவு டப்பாவுக்குள் பாத்திரத்தைப் புதைத்து வைப்பது இப்பக்கத்துப் பெண்களின் உத்தி, நாமும் கைக்கொள்ளலாம். காலையில் தோயவில்லையெனில் மனம் தளர வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, அதனுள் இரண்டு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தோய்ந்துவிடும். தோய்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு ஏறாது. புளிக்குமுன் மறுநாளைக்கு உறை எடுத்து வைக்க மறவற்க.

இனி முளைப்பயறு. இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கொலுவுக்கு வருவோர்க்கு முளைப்பயற்றுச் சுண்டல் தரும் ஆவலில், மூன்று கிலோ பச்சைப்பயற்றை ஊறவைத்து ஒரே துணியில் இறுகக் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் மூட்டையைத் தொட்டால் உள்ளே கதகதவென்று சூடு. அவிழ்த்தால் கொழகொழப்பும் கெட்ட நாற்றமும். அத்தனையையும் கொட்டிவிட்டு, அன்று மாலை வேர்க்கடலைச் சுண்டலால் மானம் காத்தேன்.

காரணம் பின்னரே விளங்கிற்று. முளைக்கும் விதை மூச்சு விடுகிறது. அதனால் சூடு பிறக்கிறது. சிறிய மூட்டையில் அது வெளியேறிவிடும். பெரிய மூட்டையில் நடுவிலேயே தங்கிப் பயற்றை அழுகச் செய்யும். ஆகையால் மிகுதியாகச் செய்வோர் எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்து, அரைக் கிலோ வீதம் பிரித்து, துளையுள்ள தட்டுகளில் ஈரத்துணி விரித்துப் பரப்புக. காலையும் மாலையும் நல்ல நீரில் அலசி வடித்துவிடுக. ஒரு கிலோ பயறு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காய்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாதவோர் உயிர்ச்சத்து, வைட்டமின் சி, முளையில் உண்டாகிறது.

பயறு முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகளுக்கும் இனியவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய கிருமி நோயில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோர்க்குப் பச்சையாக அளிக்காது, ஆவியில் வேகவைத்தே தருக. சத்தில் சிறிது குறைந்தாலும் அச்சமில்லை.

புதிதாய்க் குடிவந்த தமிழ்க் குடும்பம் அண்டையில் இருந்தால், ஒரு கிண்ணம் உறைதயிர் கொண்டுபோய்க் கொடுங்கள். முன்பொருநாள் நமக்கும் யாரோ அவ்வாறு கொடுத்தவர்களே.