பழைய நெகட்டிவ்களும் பாதுகாப்பான திரவமும்

1898-ஆம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர், காற்றும் வெளிச்சமும் தடையின்றிப் புகும் வகையில் கண்டோன்மெண்ட் பகுதியில் புதிய குடியிருப்பு ஒன்று திட்டமிடப்பட்டது. மைசூரின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய அதுவே பிரேசர் டவுன். தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பீரோக்களில், தாத்தா பாட்டியின் திருமணப் படங்களும் அவற்றின் நெகட்டிவ்களும் உறங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் முயற்சியில் உடல்நலத்தையும் வீட்டையும் பணயம் வைத்துவிடக் கூடாது.

ஈரமுறை ஸ்கேன்

வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி ஊடுருவக் கூடியதாக மாறுவதை நாம் அறிவோம். காகித இழைகளுக்கு இடையிலுள்ள காற்றை எண்ணெய் அகற்றிவிடுவதால் ஒளி சிதறுவது குறைகிறது. ஈரமுறை ஸ்கேனின் தத்துவமும் இதுவே. கீறல் விழுந்த ஃபிலிமைத் திரவத்தில் நனைத்துக் கண்ணாடியின் மீது பதித்தால், கீறல்களைத் திரவம் நிரப்பிவிடும். படத்தில் அவை தெரிவதில்லை. காற்றின் ஒளிவிலகல் எண் 1. அசிடேட் ஃபிலிமுக்கு ஏறத்தாழ 1.48. திரவத்தின் எண் ஃபிலிமின் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்குக் கீறல் மறையும். ஆயினும், படம் பதிந்துள்ள பூச்சே உதிர்ந்திருந்தால் அதனை எத்திரவமும் மீட்டுத் தராது.

எத்திரவம் ஏற்றது?

திரைப்படக் கூடங்கள் நெடுங்காலமாக இதற்குப் பயன்படுத்திய பெர்குளோரோஎதிலீனின் எண் 1.505. துணிகளை உலர்சலவை செய்யவும் இதுவே பயன்பட்டது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் 2ஏ பிரிவில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனைச் சேர்த்துள்ளது. உலர்சலவையில் இதன் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்த அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி வகுத்தது. மூடிய இயந்திரமும் ஆவியை வெளியேற்றும் அமைப்பும் இல்லாத வீட்டிலோ சிறு கடையிலோ இதனைக் கையாளவே கூடாது.

பெட்ரோல், தின்னர் ஆகியவை தீ அபாயம் மிக்கவை. அசிட்டோன் அசிடேட் ஃபிலிமையே கரைத்துவிடும். ஹெக்சேனின் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகள் பாதிக்கப்படும். தண்ணீரோ பூச்சிலுள்ள ஜெலட்டினை ஊதச் செய்யும். பலரும் நாடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ். அதாவது, பெங்களூரின் சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறியில் தீப்பிடிக்கும்.

தூய கனிம எண்ணெய் எளிதில் ஆவியாகாது, எளிதில் தீப்பற்றாது, அதன் எண்ணும் 1.47-ஐ ஒட்டியது. ஆனால், பின்னர் அதனைத் துடைத்தெடுப்பது கடினம். ஸ்கேனுக்கென்றே விற்கப்படும் திரவங்களிலும் பெட்ரோலியச் சேர்மங்கள் உண்டு. ஆகவே, வாங்குமுன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டுப் பெறுங்கள். தீப்பற்று வெப்பநிலை 23 டிகிரிக்குக் குறைவான பெட்ரோலியப் பொருள்களை நம் நாட்டுச் சட்டம் மிக அபாயமான 'ஏ' வகுப்பில் வைக்கிறது. அந்த எண் உயர உயர, தீ அபாயம் குறையும். எதனைப் பயன்படுத்தினாலும் சன்னலைத் திறந்து வையுங்கள்; கையுறை அணியுங்கள்; அருகில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

திரவமே இல்லாத வழி

முதலில் உலர்முறையில் ஸ்கேன் செய்யுங்கள். வண்ண நெகட்டிவ்களின் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிர் வசதி கொண்ட ஸ்கேனர்களே நீக்கிவிடும். வெள்ளியால் ஆன கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவ்வசதி பயன்படாது. அவற்றுள்ளும் மோசமாகக் கீறியவற்றுக்கு மட்டும் ஈரமுறை போதும். பத்துப் படங்களில் ஒன்றுக்கே திரவம் தேவையெனில், செலவும் அபாயமும் அந்த அளவுக்குக் குறையும்.

1950-களின் தொடக்கத்துக்கு முற்பட்ட நெகட்டிவ்கள் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அது தீப்பற்றினால் நீரினுள்ளும் எரியும். ஓரத்தில் 'சேஃப்டி' என அச்சிடப்படாத பழைய ஃபிலிமை, அனுபவமுள்ள நிபுணரிடம் காட்டாமல் ஸ்கேன் செய்ய வேண்டாம். அபாயகரமான பொருள்களுக்கு வங்கிப் பெட்டகத்தில் அனுமதி இல்லை என்பதால், அங்கும் அதனை வைத்தல் கூடாது.

தொழில் தொடங்குவோர்க்கு

ஸ்கேன் கடை தொடங்க விரும்பும் இளைஞர்கள் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரையிலும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையிலும் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பீட்டில் ஸ்கேனரின் விலையோடு, ஆவியை வெளியேற்றும் விசிறிக்கும் தீயணைப்பானுக்கும் தொகை ஒதுக்குங்கள். தீக்காப்பீடு எடுக்கையில், தீப்பற்றும் திரவம் கடையில் இருப்பதை மறைக்காமல் தெரிவியுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. அந்த விசிறிக்கு ஆகும் சிறு செலவு, நாள் முழுதும் அம்மேசையருகே அமர்ந்திருப்பவரின் மூச்சுக்கான முதலீடு.