மாரிக்கு முன் முற்றத்தில் ஒரு கற்பூரவள்ளி

ஐப்பசி மழை தொடங்கியதும் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும் வந்துவிடும். முன்பெல்லாம் பற்றைக்குள் போய்த் தூதுவளை பிடுங்கி வந்து இரசம் வைத்திருப்பீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத காணிகளுக்குள் இப்போது இலை தேடிப் போகவேண்டாம், பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். வேண்டியதை வீட்டோடு வளர்க்கலாம்.

எல்லாவற்றிலும் சுலபம் கற்பூரவள்ளிதான். அயலவரிடம் ஒரு சாண் தண்டு வாங்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் வேர்விடும். தண்ணீர் கூடினால் தண்டு அழுகிவிடும். ஆகவே பழைய வாளியிலோ உரப்பையிலோ அடியில் துளையிட்டு, துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்ட காணியின் மண்ணுடன் மணல் கலந்து நிரப்புங்கள். கூரைத் தண்ணீர் விழாத, வெயில் படும் பக்கமாக வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். ரம்பைக்கு இந்தக் கவலை இல்லை, அது ஈரத்தில் நன்றாகச் செழிக்கும். பக்கக் கன்று ஒன்று போதும், கறிக்கு வாசம் குறையாது.

இருமலுக்குக் கற்பூரவள்ளி இலை நாலைந்தைக் கொத்தமல்லியோடு அவித்து, இளஞ்சூட்டில் குடிக்கலாம். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ கசாயத்தோடு காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.